பாறைக்குள் ஊறிய துத்தம்

மழை பிடித்துக்கொண்டால் என் மேசையில் இருக்கும் சிப்பி ஓட்டிலிருந்து ஒரு வாடை வரும். வெயில் நாளில் வராது. காற்றில் ஈரம் ஏறியதும் அழுகிய கடல்நீர் போல மெல்ல எழுந்து, நான் திருத்திக்கொண்டிருக்கும் தாள்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதைப் போக்க நீ பிளீச்சிங் பவுடரில் ஊறப் போட்டாய், மொட்டை மாடியில் காய வைத்தாய், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாய். பிறகு அதன் ஒரு பாதியை என்னிடம் கொடுத்து, "போய்டுச்சு, மோந்து பாரு" என்றாய். போகவில்லை. போய்விட்டது என்று நானும் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை மழை. அந்த வாடை வந்தது. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அது என் தொழில் வழக்கம். அவன் கேட்டுவிட்டான். நீ எத்தனையோ வருடம் காத்திருந்தாயே, அந்தக் கேள்வியை அவன் உன் வீட்டுக்கே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்டான். நீதான் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வரிசை தப்பினால் உனக்குப் பிடிக்காது.

உன்னை நான் முதலில் பார்த்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், அந்த முலாம் பூசும் ஆலையின் வாசலில். இரும்புச் சாமான்களுக்குத் தாமிரமும் நிக்கலும் பூசுகிற ஆலை; நீ அங்கே கெமிஸ்ட். பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் நீலமாக ஓடுகிறது என்று யாரோ சொல்லி நான் வந்திருந்தேன். "ஆலைக் கழிவு கலக்கிறதா?" என்று கேட்டேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் பதில் சொல்ல மாட்டேன், சம்பளம் வாங்கறேன். ஆனா நீ கேக்கறதே தப்பு. கலக்குதான்னு கேட்டா எவனும் இல்லன்னுதான் சொல்வான். தொட்டிய எப்ப கழுவறீங்க, கழுவுன தண்ணி எங்க போவுதுன்னு கேளு" என்றாய். அப்படியே கேட்டேன். செய்தி கிடைத்தது. நட்பும் கிடைத்தது. அன்றிலிருந்து நான் உனக்கு 'ரிப்போர்ட்டர்' மட்டும்தான். என் பெயரை நீ சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆலையின் வரவேற்பறையில் கடல்நீர் மீன்தொட்டி வைக்கச் சொன்னது முதலாளி. வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்க வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும், அவ்வளவுதான் அவன் நோக்கம். வேலையை உன் தலையில் கட்டினான். உப்பின் அளவு, தண்ணீரின் சூடு, விளக்கின் நேரம் எல்லாவற்றையும் நீ முலாம் தொட்டிகளைப் போலவே கவனித்தாய். பாறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, யாரையும் கொத்தாத சில பொடி மீன்களை விட்டு, நடுவில் ஒரு சிப்பியை வைத்தாய். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தது. என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிது. இரண்டு ஓடுகளுக்கும் இடையில் அதன் சதை, தடித்த உதடு போல மடிந்து மடிந்து வெளியே விரிந்திருக்கும். நீலமும் பச்சையும் கலந்து, நடுநடுவே பொன்னிறப் புள்ளிகள்.

அதன் மேல் உன் கையைக் கொண்டுபோவாய், தண்ணீரைத் தொட மாட்டாய். கையின் நிழல் பட்டதும் அது சட்டென்று சுருங்கும். கையை எடுத்தால் மெதுவாக, நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் போல, மறுபடி திறக்கும். "பாத்தியா ரிப்போர்ட்டர், கண்ணு இருக்குது அதுக்கு. உதட்டு ஓரமெல்லாம் கண்ணு" என்றாய். சதைக்குள் பாசி குடியிருக்கிறது, அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைக்கிறது, சிப்பி அதைச் சாப்பிடுகிறது என்று விளக்கினாய். வெளிச்சம்தான் அதற்குச் சோறு.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. அதைக் கெடுத்தவனையும் மறக்கவில்லை.

முதலாளி ஒரு ஏஞ்சல் மீனை வாங்கிவந்த அன்று நானும் அங்கே இருந்தேன். நீலத்தில் மஞ்சள் கோடுகள் ஓடிய, தட்டு மாதிரி அகலமான மீன். நீ அதைப் பார்த்ததுமே, "ரெண்டையும் ஒண்ணா வெக்காதீங்க சார். இது கொத்தும்" என்றாய்.

அவனுக்குத் தன்னிடம் வேலை செய்கிற எல்லாரும் 'நைனா'தான். உன்னைவிட அவன் வயதில் சிறியவன், அப்படியும் நீ அவனுக்கு நைனா. "இன்னா நைனா, எப்பப்பாரு சிப்பி சிப்பின்னுக்கினு. அது ஆடுதா, பாடுதா? வர்றவன் கண்ணுல படறதுக்கு ஒரு மீன் வோணாவா? கொத்துனா மூடிக்கட்டும். அதுக்குத்தானே ஓடு குடுத்துக்குது" என்றான்.

கேட்பதற்கு அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது, எனக்கும். வெளியே டீக்கடையில் நீதான் பிரித்துச் சொன்னாய். மீன் அந்த உதட்டில் கடிப்பது சின்னக் கடிதான், அதில் சிப்பி சாகாது. ஆனால் ஒருமுறை ருசி கண்ட மீன் விடாது. ஒவ்வொரு கடிக்கும் சிப்பி மூடிக்கொள்ளும். மூடினால் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லையென்றால் சோறு இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள மூடி மூடியே அது பட்டினியில் சாகும். "ஓடு இருக்கறவனுக்கு வலிக்காதுன்னு நெனச்சிக்கினு இருக்கான் அவன்" என்றாய்.

நீ சொன்னதுதான் நடந்தது. மீன் வந்த வாரமே உதட்டின் ஓரங்கள் பிய்ந்திருந்தன. நீ காய்கறி அலசுகிற பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, சிப்பிக்கு மட்டும் காவல் வைத்தாய். வெளிச்சம் துளைகள் வழியாகப் போகும், மீன் போகாது. அதைப் பார்த்து முதலாளி, "இன்னா நைனா, சிப்பிய ஜெயில்ல போட்டுட்ட? குத்தம் பண்ணது மீன்தானே" என்றான். வரவேற்பறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் கூடை எடுக்கப்பட்டது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

அடுத்து அந்த மீனின் துடுப்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்காமல் நேராக உள்ளே விட்டால் வருகிற நோய். மீனைத் தனியாக எடுத்து மருந்து கொடுக்கலாம், தொட்டிக்குள் மருந்து ஊற்றக் கூடாது என்று நீ முதலாளியிடமும் சொன்னாய், நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மச்சினனிடமும் சொன்னாய். ஏனென்றால் அந்த நோய்க்கு மருந்து தாமிரம். மீன் தாங்கும் அளவில் நூற்றில் ஒரு பங்கைக்கூட சிப்பி தாங்காது. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்தே மற்றதற்கு விஷம். இரண்டையும் ஒன்றாக வைக்காதே என்று நீ சொன்னதற்குக் கடிப்பது மட்டும் காரணம் இல்லை.

ஆடி ஞாயிறு. உன் மனைவி பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டுதல் வைத்திருந்தாள். வேப்பிலை கட்டிக் கோயிலைச் சுற்ற வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும். முதல் நாளே நீங்கள் புறப்பட்டுப் போய்விட்டீர்கள். திங்கட்கிழமை சரக்கு எடுக்கிறவர்கள் வருகிறார்கள், மீன் மேலெல்லாம் புள்ளி. கடையில் விசாரித்திருக்கிறார்கள், காப்பர் சல்ஃபேட் என்று சொல்லியிருக்கிறார்கள். மயில்துத்தம். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கடையில் சின்னப் புட்டியாக வாங்கி, சொட்டுக் கணக்கில் விட்டிருப்பான். இது முலாம் பூசுகிறவர்களின் ஆலை. துத்தம் அங்கே டிரம் டிரம்மாக நிற்கிறது. நம்மிடமே இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று, பிளேட்டிங் ஷெட்டிலிருந்து ஒரு மக்கில் அள்ளிக் கரைத்து ஊற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நீ வந்தபோது நாற்றம் வாசலுக்கே வந்துவிட்டது. சிப்பி வாய் பிளந்து கிடந்தது. அவ்வளவு பெரிய சதை அழுகினால் அந்தத் தண்ணீரில் எது பிழைக்கும்? துத்தத்துக்குத் தப்பியிருந்தாலும் அழுகலுக்கு மீன் தப்பியிருக்காது. தண்ணீர் அரிசி களைந்தது போல வெளுத்திருந்தது. நோய்க்காரன், நோய் இல்லாதவன் எல்லாரும் மிதந்தார்கள்.

முதலாளி தொழிலாளிகளை வரவேற்பறைக்குள் கூப்பிட்டான். அவர்கள் முன்னால் உன்னைப் பார்த்து, "எடு நைனா. கையாலயே எடு. நீ வளத்ததுதானே" என்றான். கையுறை கேட்டாய். கொடுக்க விடவில்லை. நீ இரண்டு கையாலும் அதைத் தூக்கினாய், சதை நழுவி உன் சட்டையில் விழுந்தது. "லேபுல வெளையாடற மாதிரி எத்தையோ ஊத்திட்டு சாமி கும்புடப் போயிக்கிறான். கெமிஸ்ட்டாம் கெமிஸ்ட்டு" என்று அவன் சொன்னான். நீ தொட்டித் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்து, உன் லேபிலேயே சோதித்து, தாமிரம் என்று காட்டினாய். "அந்த பாட்டில்லயும் நீயே ஊத்திக்குவ" என்றான். மதியம் நீ கேட்டுக்கு வெளியே நின்றாய், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த ஓட்டுடன்.

வேலை போனது பெரிதில்லை என்று நீயே சொல்வாய். எதை எதில் ஊற்றக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் ஒரு கெமிஸ்ட்டின் மரியாதை. அதைத்தான் அவன் எடுத்துக்கொண்டான். பேட்டையில் நீ எந்த ஆலைக்குப் போனாலும், தொட்டியில் கண்டதை ஊற்றிவிட்டு ஓடிப்போனவன் என்ற பேச்சு உனக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் திருவள்ளூருக்குக் குடிபெயர்ந்தீர்கள். காக்களூரில் ஒரு சின்ன யூனிட்டில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தாய். உன் கையில் மறுபடி யாரும் ஒரு சோதனைக்குழாயைத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலேறி உன்னைப் பார்க்க வருவேன். நாஷ்டா முடித்துவிட்டு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அவனைப் பழிவாங்கத் திட்டம் போடுவோம். அவன் வீட்டுக்கு எதிர்வீட்டை வாங்கிக் கழுதை வளர்ப்பது. அவன் பிறந்தநாள்தோறும் அழுகிய சிப்பி ஒன்றைத் தங்கக் காகிதத்தில் சுற்றி அனுப்புவது. அவன் மகன் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்வது. என் திட்டங்கள் ஒவ்வொரு வாரமும் கொடூரமாகிக்கொண்டே போயின. நீ சிரிப்பாய். செய்தியாக எழுதுகிறேன் என்றபோது மட்டும் சிரிக்கவில்லை. "மீன் செத்ததெல்லாம் நியூஸா? உன் எடிட்டர் உன்னியும் ஸ்டோர் கீப்பர் ஆக்கிடுவாரு" என்றாய்.

"அப்போ உனக்கு இன்னாதான் வோணும்?" என்று ஒருநாள் நான் கத்தினேன்.

"அவன் ஒருநாள் என் ஊட்டுக்கு வந்து கேக்கணும். ஏன் சார் சிப்பி சாவுதுன்னு. அவ்ளோதான்."

"கேட்டா?"

"சொல்வேன். வேற இன்னா பண்றது? கேக்கறவனுக்கு சொல்லித்தானே ஆவணும். அந்தப் பாறைய தூக்கிப் போடச் சொல்வேன் மொதல்ல."

அந்தப் பாறை விஷயம் உன்னை உறுத்திக்கொண்டே இருந்தது. துத்தம் ஊற்றிய தண்ணீரைக் கொட்டிவிடலாம், கண்ணாடியைக் கழுவிவிடலாம். ஆனால் பாறை தாமிரத்தைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி உப்புத் தண்ணீர் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். மீனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது, சிப்பிக்குத் தெரியும். "அவன் கஞ்சன். அந்தப் பாறையத் தூக்கிப் போட மாட்டான். இன்னொரு சிப்பிய கொல்வான் பாரு" என்று உன் மனைவியிடமும் என்னிடமும் எத்தனை முறை சொல்லியிருப்பாய். அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, "உங்களுக்கு ஊட்ல இருக்கறவங்க மேல இல்லாத அக்கற" என்பாள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து படுத்தவன் நீ எழுந்திருக்கவில்லை. எடுப்பதற்கு முன் ஆலையின் பெயர் போட்ட மாலை ஒன்று ஆள் மூலம் வந்தது. அவன் வரவில்லை. அந்த மாலையை உன் மேல் போட நான் விடவில்லை. தெருமுனைச் சாக்கடைக்குள் காலால் தள்ளினேன். இன்று நினைத்தாலும் அது எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

இந்த மழைக்காலம் தொடங்கியபோது அவனிடமிருந்து போன் வந்தது. அவனேதான். பழக்கமானவன் போலப் பேசினான். புது அலுவலகம் கட்டியிருக்கிறானாம், புதுத் தொட்டி, புதுச் சிப்பி. வந்ததிலிருந்து அது முழுதாகத் திறக்கவே இல்லையாம். மீன் கொத்துகிறது என்று கடைக்காரன் சொல்லி மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றியாகிவிட்டது. ஆனாலும் திறக்கவில்லை, நாளுக்கு நாள் சுருங்குகிறது. "நீங்க அவரு ஃப்ரெண்டுதானே சார். இதப் பத்தி அவரு எதனா சொல்லிக்கிறாரா?" என்றான்.

நான் பேட்டி எடுக்கிற குரலில் கேட்டேன், தொட்டி புதிது, தண்ணீர் புதிது, பாறை எங்கே வாங்கினீர்கள் என்று.

"பாற பழசுதான் சார். குடோன்ல கெடந்துச்சு. நல்லா கழுவித்தான் வெச்சோம்."

ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லியிருக்கலாம். என் நாக்கின் நுனியில் இருந்தது. தொழிலில் இத்தனை வருடம் தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று அது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? "அதை நீங்கள் அவர் வீட்டில்தான் கேட்க வேண்டும்" என்றேன். மச்சினனை அனுப்புகிறேன் என்றான். கேள்வி உங்களுடையது, நீங்கள்தான் வர வேண்டும் என்றேன். சிப்பி விலை உயர்ந்தது என்பதால் வந்தானா, தன் புது அலுவலகத்தில் மறுபடி அந்த நாற்றம் கிளம்பும் என்ற பயத்தில் வந்தானா, எனக்குத் தெரியாது. வந்தான்.

உன் தெருவுக்குள் அவன் கார் நுழையாது. கோயில் குளத்தருகே விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து வந்தான். மூட்டு வலி போலிருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் முகம் சுருங்கியது. நான் உன் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன், எதிரே போய்க் கை கொடுக்கவில்லை. உன் மனைவி உள்ளேயிருந்து, "செருப்ப அங்கியே உட்டுட்டு வாங்க" என்றாள். ரவிக்கைத் துணிகள் குவிந்திருந்த நாற்காலியைக் காலி செய்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள், காப்பி கேட்கவில்லை. பிறகு மிஷினில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கிவிட்டாள்.

அவன் உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிப் பார்த்தான். மிஷின் நிற்கவில்லை. கடைசியில் கேட்டான். "ஏம்மா, அந்த சிப்பி ஏன் சாவுது?"

அவள் தலை நிமிரவில்லை. "என்னிய ஏன் கேக்கறீங்க? அவர கேளுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் உன் படத்தைப் பார்த்தேன். சிரிக்கப் பார்த்தான், துணைக்குச் சிரிக்க அங்கே யாரும் இல்லை. பிறகு உன் படத்தை நோக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏன் சார் சிப்பி சாவுது?" என்றான்.

சார் என்றான். நீ கேட்க ஆசைப்பட்ட அதே சொற்கள். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீயாக இருந்தால் அந்த நொடியே பதில் சொல்லியிருப்பாய். நானும் சொல்ல வாய் திறந்தேன். உன் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். "இருங்கண்ணே. டாக்டரு கூட மொதல்ல இன்னா சாப்ட்டன்னு கேப்பாரு." அவனிடம் திரும்பினாள். "அந்தப் பாற மேல அன்னைக்கு இன்னா ஊத்துனீங்க?"

"மருந்து."

"இன்னா மருந்து?"

"துத்தம்."

"யாரு ஊத்துனது? எங்க ஊட்டுக்காரரா?"

அவன் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். "என் மச்சினன்" என்றான். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றான்.

எனக்கு அது போதும் என்று தோன்றியது. அவளுக்குப் போதவில்லை. "இத எங்கிட்ட சொல்லி இன்னா? எங்க அவர அசிங்கப்படுத்துனீங்களோ அங்க சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க, ஸ்பீக்கர்ல. அப்புறம் சொல்றேன் சிப்பிக்கு இன்னான்னு."

"அதுக்குள்ள அது செத்துடும்மா."

"சீக்கிரம் போடுங்க அப்போ" என்று மறுபடி மிஷினை மிதித்தாள்.

நான் அவளைப் பார்த்த பார்வையைக் கவனித்திருப்பாள் போல. "அவருதான் நல்லவரு அண்ணே. நான் இல்ல" என்றாள்.

அவன் பிளேட்டிங் ஷெட்டின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். உனக்குத் தெரிந்தவன்தான், உன்னோடு ஒரே பந்தியில் டிபன் டப்பா திறந்தவன். போனில் பின்னால் தொட்டிகள் கொதிக்கிற இரைச்சல் கேட்டது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "நைனா, அந்தப் பழைய தொட்டி... அதுல துத்தம் ஊத்துனது கெமிஸ்ட் இல்ல. நம்ம ஆளுதான். நான்தான் ஊத்தச் சொன்னேன். பசங்க எல்லாத்துக்கும் சொல்லிடு."

"தெரியும் சார்" என்றது போன்.

"இன்னா தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். டிரம்ம தொறந்து குடுத்ததே நான்தானே."

மிஷின் நின்றது. அவள் நூலை அறுக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. யாரையும் பார்க்காமல், உன் குரலில் நான் எத்தனையோ முறை கேட்டதை அவள் குரலில் சொன்னாள். "அந்தப் பாற பூரா துத்தம் ஊறிக்கெடக்குது. எத்தினி கழுவுனாலும் போவாது. ஊட்டுக்குப் போறதுக்குள்ள சிப்பிய வேற தண்ணிக்கு மாத்தச் சொல்லுங்க. பாறையத் தூக்கி வெளிய போடுங்க. அப்புறம் மீனையும் அதையும் மறுபடி ஒண்ணா வெக்காதீங்க. இத அவரு அன்னைக்கே சொன்னாரு."

அவன் எழுந்தான். வாசல்படியில் செருப்பைத் தேடிக் காலால் துழாவினான். மழைத் தண்ணீரில் ஒன்று தள்ளிப் போயிருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

சிப்பி திறந்துவிட்டதாம். ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது, மற்றபடி பிழைத்துவிடும் என்று அவன் படம் அனுப்பியிருக்கிறான். நன்றி என்றும் எழுதியிருக்கிறான். படத்தைப் பெரிதாக்கிச் சிப்பியை மட்டும் பார்த்தேன். பதில் போடவில்லை.

நீ கேட்டது நடந்துவிட்டது. உன் பேரில் இருந்த கறை போய்விட்டது. இனி என் கோபம் அடங்க வேண்டும் என்று நீ சொல்வாய். அடங்கவில்லை, விலாசம் மாறியிருக்கிறது. உன் பாடையின் முன்கழியைத் தோளில் வாங்கியவன் அந்த சூப்பர்வைசர். சுடுகாட்டில் என்னைக் கட்டிக்கொண்டு, நல்ல மனுசன் சார் என்று அழுதவன். அவன் அழுகையை நான் நம்பி, என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அன்று வரவேற்பறையில் நீ வெறுங்கையால் அதைத் தூக்கியபோது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. முதலாளியாவது ஒருவன். எல்லாரும் என்றால் நான் யார் வீட்டுக்குப் போய் நிற்பது?

புறப்படும்போது இதை உன் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஒவ்வொருத்தரா வரட்டும் அண்ணே. நாற்காலி இங்கியேதான் இருக்கும்" என்றாள்.

பாறையைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டுப் போனாய். சரி, அதை எறிந்தாயிற்று. எனக்குள் ஊறியதை எறிய நீ வழி எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கப் போவதில்லை. ஓட்டின் ஒரு பாதி அவளிடம், உன் படத்துக்குக் கீழே. மறு பாதி என்னிடம். மழை இன்னும் விடவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, நீ செய்வதைப் போல அதன் மேல் கையைக் கொண்டுபோனேன். நிழல் விழுந்தது. சுருங்க அதில் எதுவும் இல்லை. வாடை மட்டும் எழுந்து வந்தது. முகத்தைத் திருப்பாமல் மோந்து பார்த்தேன். போகவில்லை நண்பா. அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னேன். போக வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.